பயிற்சித் திடலில் பெற்றோருக்கு இடமில்லையா?

விளையாட்டு விழாவோ ஆண்டு விழாவோ நெருங்கிவிட்டால், நம் பள்ளிகள் பலவற்றின் வாயிலில் ஓர் அறிவிப்புத் தோன்றிவிடுகிறது. பயிற்சி நேரத்தில் பெற்றோர் உள்ளே வர அனுமதி இல்லை என்பதே அது. சில இடங்களில் அறிவிப்புகூடக் கிடையாது. வாயிற்காவலரின் கையசைவே போதுமானதாக இருக்கிறது. பங்குகளின் இளையோர் குழுக்களிலும் இவ்வழக்கம் மெல்லப் புகுந்துவருகிறது. இதை வகுத்தவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் இவ்வழக்கம் தவறானது, கைவிடப்பட வேண்டியது என்பதே நம் உறுதியான கருத்து. அதை இங்கே ஒளிவுமறைவின்றி எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எந்தப் பயிற்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். காலை வேளையில் நூறு பிள்ளைகள் வரிசையில் நின்று கைகளை உயர்த்தும் டிரில்லை யாரும் மறைத்துச் செய்வதில்லை; அதைத் தெருவில் போகிறவரும் நின்று பார்க்கலாம். மறைக்கப்படுவது வேறு. வளையமும் வண்ணக் குஞ்சமும் ஏந்திச் சிறுமியர் ஆடும் குழு ஆட்டம், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நிற்கும் பிரமிடு, கபடி, கோ-கோ அணிகளுக்கான தேர்வுப் பயிற்சி, கலைவிழா நடனம் ஆகியவையே பள்ளி விட்டபின் மாலை மங்கும் வரையிலும், விடுமுறை நாள்களிலும், மூடிய அரங்குகளில் நடைபெறுகின்றன. இவற்றில் பயிற்றுநரின் கை பிள்ளையின் உடலைத் தொட்டே ஆகவேண்டியிருக்கிறது. இடுப்பைப் பிடித்துத் தூக்காமல் ஒரு சிறுமியைப் பிரமிடின் உச்சிக்கு ஏற்ற இயலாது. தோளைத் திருத்தாமல் ஓர் அடவைக் கற்பிக்க இயலாது. குற்றமற்ற தொடுதல் அன்றாடம் நிகழும் இடம் அது. அதனாலேயே குற்றமுள்ள தொடுதல் அங்கே எளிதாக ஒளிந்துகொள்கிறது.

அமெரிக்காவில் சியர்லீடிங் என்ற பெயரில் இதே குழு ஆட்டம் சிறுமியருக்குரிய பெரியதொரு போட்டி விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. நம் மக்கள் அதை 2008இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது தொலைக்காட்சியில் பார்த்து முகம் சுளித்தார்கள். அங்கே அது சிறுமியர் ஆறு வயதிலிருந்தே கற்கும் கடும் உடற்பயிற்சி என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். அங்குள்ள பயிற்சிக் கூடங்களில் பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாமா கூடாதா என்பது ஓயாத வழக்கு. சில கூடங்கள் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நாற்காலி போட்டுத் தருகின்றன. சில கூடங்கள் குறித்த நாளில் மட்டும் அனுமதிக்கின்றன. சில கதவையே சாத்திவிடுகின்றன. அந்த ஆட்டம் நம் பிள்ளைகளுக்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி. அவர்களை அலைக்கழிக்கும் கேள்வி மட்டும் நம்முடையதேயாகும்.

கதவைச் சாத்துவோர் சொல்லும் காரணங்கள் வெறும் சாக்குகள் அல்ல. தாய் வந்து நின்றால் பிள்ளையின் கண் பயிற்றுநரைவிட்டுத் தாயை நாடுகிறது. தவறிய அடியைத் திருத்திக்கொள்ளாமல், அம்மா பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்க்கிறாள். முன்வரிசையில் யார், பின்வரிசையில் யார் என்பதில் தாய்மாருக்குள் பூசல் மூள்கிறது. பிரமிடின் உச்சியில் நிற்பவள் யார் மகள் என்பதைவைத்து ஊர்ப்பகையே வளர்ந்ததுண்டு. திடலோரம் நின்று, 'ஓடு, ஓடு, ஏன்டி நின்னுட்ட?' என்று கத்தும் தந்தையரை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அத்தகையோரின் பிள்ளை விளையாடும்போது களத்தைப் பார்ப்பதில்லை, தந்தையின் முகத்தையே பார்க்கிறது. பெற்றோரே பிள்ளைகளின் விளையாட்டு வாழ்வைச் சித்திரவதையாக்கிய வரலாறும் உலகில் உண்டு. ஆஸ்திரேலிய டென்னிஸ் வீராங்கனை யெலேனா டோகிச் தம் தந்தையின் கையால் பட்ட அடிகளை 2017இல் வெளியான தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். பயிற்றுநராக இருந்த தந்தையின் கண்ணே அங்கு பிள்ளைக்கு அச்சமாயிற்று.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இவை யாவும் பெற்றோர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கான காரணங்களே. பெற்றோர் பார்க்கவே கூடாது என்பதற்கான காரணங்கள் ஆகமாட்டா. கோவிலில் கைக்குழந்தை அழுகிறது என்பதற்காகத் தாய்மார் திருப்பலிக்கு வரக்கூடாது என்று எந்தப் பங்குத்தந்தையாவது விதி செய்வாரா?

இனி, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் நம் மாநிலத்தில் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். 2021 மே மாதம் சென்னையில் பெயர் பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கினார் என்ற புகாரின்பேரில் கைதானார். முதலில் முறையிட்டவர் ஒரு வீராங்கனை. அவரைத் தொடர்ந்து வேறு பலரும் முன்வந்தனர். பல ஆண்டுகளாக நடந்தது என்றும், காயத்துக்குச் சிகிச்சை என்ற பெயரில் நடந்தது என்றும் அவர்கள் கூறினர். பதக்கம் வாங்கித் தரும் மனிதரை எவரும் கேள்வி கேட்கவில்லை. 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ரா மாணவியர் வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். ஏப்ரலில் அங்கு நடனம் பயிற்றுவித்த ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அங்குள்ள மாணவியரில் பெரும்பாலோர் வயதுவந்தவர்கள். அவர்களே வாய்திறக்க அத்தனை காலம் ஆயிற்று என்றால், எட்டாம் வகுப்புச் சிறுமியிடம் நாம் எதை எதிர்பார்க்க இயலும்?

அந்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் வழக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்று சொல்லி மாணவியரைப் பள்ளி வளாகத்திலேயே இரவில் தங்கவைத்தார்கள். அது என்.சி.சி. முகாமே அன்று, நடத்தியவருக்கு அந்த அமைப்போடு தொடர்பும் இல்லை. சீருடையும் விசிலும் இருந்தன, அவ்வளவுதான். சிறுமி ஒருத்தி வன்கொடுமைக்கு ஆளானாள். மற்றும் சில மாணவியரும் தங்களுக்கு நேர்ந்ததைக் கூறினர். செய்தி தெரிந்தும் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதாயினர். தலைமைக் குற்றவாளியாகக் குறிக்கப்பட்டவர் வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே நஞ்சுண்டு இறந்தார்.

இச்செய்தியைப் படித்தபோது எங்கள் காட்டூர்ப் பக்கத்துத் தாய்மார் கேட்ட கேள்வி ஒன்றே: 'அந்த அஞ்சு நாளும் ஒரு தாய்கூடவா உள்ளே போய்ப் பார்க்கல?' பார்க்கப் போயிருந்தால் விட்டிருப்பார்களா என்பது அதற்கு எதிர்க்கேள்வி. போலிப் பயிற்றுநரிடம் என்.சி.சி. அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்கும் துணிவு பள்ளி நிர்வாகத்துக்கு இல்லாமற்போகலாம். சமையற்கட்டில் என்ன கொதிக்கிறது, பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், இரவில் அவர்களோடு தங்கும் பெண் யார் என்று கேட்கும் பழக்கம் ஒரு தாய்க்கு இயல்பாகவே உண்டு. நிர்வாகத்தின் சுற்றறிக்கை அந்தக் கேள்விகளுக்கு ஈடாகாது.

கடல்கடந்த சான்று ஒன்று உண்டு. அது இருபுறமும் வெட்டுவதால் முழுதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் மருத்துவராக இருந்த லாரி நாசர் செய்தவை 2016 செப்டம்பரில் ஒரு நாளேட்டின் வழியாக வெளிவந்தன. 2018 சனவரியில் மிச்சிகன் மாநில நீதிமன்றத்தில் 150க்கும் மேற்பட்ட பெண்கள் ஒருவர்பின் ஒருவராக நின்று தமக்கு நேர்ந்ததைக் கூறினர். 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை என்று தீர்ப்பாயிற்று. அவர் கைவரிசை காட்டிய இடங்களுள் ஒன்று டெக்சாஸ் காட்டிடையே இருந்த கரோலி பண்ணை. தேசிய அணிச் சிறுமியர் அங்கேதான் பயிற்சிக்குக் கூடுவார்கள். பெற்றோருக்கு அங்கே அனுமதி இல்லை. ஒலிம்பிக் பதக்கங்களுக்கு அந்தத் தனிமையே காரணம் என்று அன்று புகழ்ந்து பேசப்பட்டது!

இதுவரை கூறியது நம் கட்சிக்கு வலுவூட்டும். அடுத்தது வலுவூட்டாது. நாசர் சில சிறுமியரைத் துன்புறுத்தியபோது அவர்தம் தாயர் அதே அறையில் இருந்தார்கள். தாயின் பார்வையைத் தம் உடலால் மறைத்து நின்றுகொண்டு, அவரோடு பேசிக்கொண்டே அவர் அதைச் செய்தார். ஆகவே பெற்றோரை உள்ளே விட்டுவிட்டால் பிள்ளை காக்கப்பட்டுவிடும் என்று நாம் சொல்லவில்லை; சொன்னால் அது பொய். எது முறையான தொடுதல், எது முறையற்றது என்று அறியாத கண் திறந்திருந்தும் பயனில்லை. மருத்துவர், ஆசிரியர், அருள்பணியாளர் என்ற பட்டத்தின்முன் தானாகவே தாழும் கண்ணும் அத்தகையதே. கதவு திறந்திருப்பது முதற்படி. அந்தப் படியையே மறுப்போரிடம் அடுத்த படியைப் பற்றிப் பேசுவது எப்படி?

அவ்வழக்கின் பின் 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. அதன்வழி வகுக்கப்பட்ட விதிகளுள் ஒன்று நம் கவனத்துக்கு உரியது. பயிற்றுநரும் சிறாரும் தனித்துச் சந்திக்கும் எதுவும் மற்றவர் பார்க்கக்கூடியதாகவும், இடையே புகுந்து நிறுத்தக்கூடியதாகவும் இருக்கவேண்டும் என்பதே அது. அங்கே கண்ணும் வேண்டும், காலடி எடுத்துவைக்கும் உரிமையும் வேண்டும்.

இதை அமெரிக்கரிடம் கற்க வேண்டிய தேவை நமக்கு இருந்திருக்கக் கூடாது. ஒப்புரவு அருள்சாதனத்தைவிட மறைவானது நம் வாழ்வில் வேறொன்றுமில்லை. அங்கே சொல்லப்படுவதை மூன்றாமவர் கேட்கக்கூடாது. அருள்பணியாளர் உயிரே போனாலும் வெளியிடக்கூடாது. அத்துணை மறைவான ஒன்றுக்குத் திருச்சபை வகுத்த இடம் எது? கோவிலின் நடுவே, எல்லாரும் காணும் இடம். நடுவில் கிராதி. பதினாறாம் நூற்றாண்டில் மிலான் பேராயராயிருந்த புனித சார்லஸ் பொரோமியோ 1577இல் வெளியிட்ட கோவிற்கட்டட நெறிகளில் பாவசங்கீர்த்தனத் தொட்டி எவ்வாறு அமையவேண்டும் என்பதை அளவோடு வரையறுத்தார். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் 964ஆம் எண்ணில், நிலையான கிராதியோடுகூடிய ஒப்புரவு இருக்கைகள் வெளிப்படையான இடத்தில் இருக்கவேண்டும் என்கிறது. காது கேட்காத தொலைவு, கண் காணும் தொலைவு: நம் முன்னோர் கண்ட முறை இதுவே. பயிற்றுநரின் பணிக்கு இதற்குமேல் மறைவு வேண்டுமென்றால், அது எதற்கு என்று கேட்பது நம் கடமை அன்றோ?

நம் நிறுவனங்களை நாம் குறைகூறுவதாகச் சிலர் வருந்தக்கூடும். திருச்சபை இவ்வகையில் உலகெங்கும் பட்ட காயம் பெரிது. அதனாலேயே திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம், முறைகேடுகளை முறையிடும் வழியைத் தம் சொந்த ஆணையால் ஒவ்வொரு மறைமாவட்டத்துக்கும் கட்டாயமாக்கினார். காயம் நேர்ந்தபின் முறையிட வழி செய்வது நல்லதே. நேராதிருக்க வழி செய்வது அதனினும் எளிது; அதற்குச் செலவும் இல்லை.

பிள்ளையின் கல்வியில் முதல் உரிமை யாருக்கு என்பதில் நம் மறை தடுமாறியதே இல்லை. கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஏடு பெற்றோரையே முதன்மைக் கல்வியாளர் என்று அழைக்கிறது. பள்ளி அவர்களுக்குத் துணை. சட்டத் தொகுப்பின் 796ஆம் எண் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்கவும், அவர்களை விருப்பத்தோடு செவிமடுக்கவும் வேண்டும், பெற்றோர் சங்கங்கள் அமைக்கப்பட்டு மதிக்கப்படவும் வேண்டும். விருப்பத்தோடு என்ற சொல்லைச் சட்டம் வீணாகச் சேர்த்ததாக நாம் கருதவில்லை.

நாட்டின் சட்டத்தில் ஒரு விந்தை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்கவேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளில் அக்குழு ஆலோசனை மட்டுமே கூறலாம் என்று 2012இல் திருத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அச்சட்டமே சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. நம் கல்வி உரிமையைக் காக்கப் பாடுபட்டுப் பெற்ற தீர்ப்பு அது, மகிழ்ந்தோம். ஆனால் அதன் விளைவை எண்ணிப் பாருங்கள். அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்த மீனவத் தாய் சட்டப்படி குழுவில் உட்காரலாம்; அதே தாய் நம் பள்ளியில் சேர்த்தால் வாயிலில் நிற்கலாம். நாட்டின் சட்டம் நம்மை விடுவித்த கடமையைத் திருச்சபையின் சட்டம் விடுவிக்கவில்லை என்பதை நம் கல்வி நிலையங்களை நடத்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டமோ 2012 முதல் எவரையும் விடுவிக்கவில்லை. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு அதில் ஓராண்டு வரை சிறை உண்டு.

இனிக் காட்டூருக்கு வருவோம். பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எங்கள் ஊர்களில் பெற்றோரைத் தடுக்க அறிவிப்பே தேவையில்லை. ஏரிக்கும் கடலுக்கும் போகிறவர் கரை திரும்பும் நேரத்தைக் காற்றும் நீரோட்டமும் முடிவு செய்கின்றன. பெண்கள் விடியுமுன் ஏலத்துக்குப் போய், அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ பேருந்து ஏறி, வெயில் சாயும்போது திரும்புகிறார்கள். பயிற்சி நடப்பது அதே மாலையில். உள்ளே வா என்று அழைத்தாலும் அவர்களில் எத்தனை பேர் போக முடியும்? எனவே, பெற்றோர் பார்க்கலாம் என்ற விதி ஏட்டளவில் வந்தால் அதன் பயன் மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும். தாய் வந்து நிற்கும் பிள்ளையிடம் எந்தப் பயிற்றுநரும் தவறு செய்யமாட்டார். யாருடைய தாய் ஒருபோதும் வரமாட்டாள் என்று அவர் அறிந்திருப்பாரோ, அந்தப் பிள்ளையே தனித்து நிற்பாள்.

இதனால் எங்கள் பக்கத்தில் நடப்பது என்னவெனில், பெண்பிள்ளைகள் சத்தமில்லாமல் நிறுத்தப்படுகிறார்கள். வட்டார அளவில் கபடி ஆடி வென்ற சிறுமி வயதுக்கு வந்தபின் திடலுக்குப் போவதில்லை. காரணம் கேட்டால் தந்தை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்: 'அங்க என்ன நடக்குதுன்னு நமக்கு என்ன தெரியும்?' அவரைப் பிற்போக்காளர் என்று பழிப்பது எளிது. மாலை ஆறு மணிக்குத் திரும்பும் மகளைப் பற்றி அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள அவரை யாரும் விடவும் இல்லை. சாத்திய கதவு பெற்றோரிடமிருந்து பயிற்சியைக் காப்பதாக நினைக்கிறது. உண்மையில் அது பிள்ளையிடமிருந்து பயிற்சியைப் பறித்துவிடுகிறது. பையன்களுக்கு இந்த இழப்பு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கரையிலேயே பந்து உதைத்துக்கொள்வார்கள்.

நம் கருத்துக்கு எதிராக நாம் கேட்டவற்றுள் மிக வலியது பயிற்றுநரிடமிருந்து வந்ததன்று, சிறுமியரிடமிருந்தே வந்தது. பெற்றோர் பார்க்க வருவதை அவர்கள் விரும்புவதில்லை. குட்டைக் கால்சட்டையோடு ஓடும்போது சித்தியும் அத்தையும் வரப்பில் நின்று பார்த்தால், மறுநாள் ஊர் முழுவதும் பேச்சு. வாய்விட்டுச் சிரித்தால் பேச்சு, விழுந்து எழுந்தால் பேச்சு. எங்கள் குப்பங்களில் ஒரு பெண்ணுக்கு ஊர்க்கண் படாத இடம் பயிற்சித் திடல் ஒன்றுதான். அதையும் ஊருக்குத் திறந்துவிட்டால் அவளுக்கு எஞ்சுவது என்ன என்று ஒரு மாணவி கேட்டபோது நம்மால் உடனே விடைகூற இயலவில்லை. காவல் செய்யும் கண்ணும் கண்காணிக்கும் கண்ணும் ஒரே முகத்தில் இருப்பவை. தாயின் கண்ணே சில வேளை மகளுக்குச் சிறையாகிவிடுகிறது.

இந்த எதிர்ப்பை நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் அதற்கு விடை கதவைச் சாத்துவதன்று. யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதைச் சிறுமியரையும் வைத்துக்கொண்டு வரையறுப்பதே விடை. எந்நேரமும் எவரும் வந்து நிற்பது வேண்டாம். பிள்ளைகளே ஏற்றுக்கொண்ட இரு தாய்மார் ஒரு நாளைக்கு வந்தால் போதும். திடலின் ஓரத்தில், பேச்சுக் கேட்காத தொலைவில், எல்லாம் தெரியும்படி உட்காரவேண்டும். கைப்பேசியில் படம் எடுக்கக்கூடாது. உடையைப் பற்றி ஒரு சொல்லும் வெளியே போகக்கூடாது. போனால் அவருக்கு அடுத்த முறை கிடையாது. பயிற்றுநரின் கற்பித்தலில் தலையிடும் உரிமை அவர்களுக்கு இல்லை. பிள்ளை அழுதாலோ, தனியே அழைத்துச் செல்லப்பட்டாலோ, பயிற்சி குறித்த நேரத்தில் முடியாவிட்டாலோ எழுந்து போய்க் கேட்கும் உரிமை முழுமையாக உண்டு. எந்தப் பயிற்சியில் எங்கே தொட நேரும் என்பதைப் பயிற்றுநர் பருவத் தொடக்கத்திலேயே தாய்மாரையும் பிள்ளைகளையும் ஒருசேர அமர்த்திச் சொல்லிவிடவேண்டும். நாசர் மறைத்து நின்றதுபோல மறைக்க அப்போது இடமிராது.

ஊர்த் தாய்மாரால் முறைவைத்து வர இயலுமா என்று ஐயுறுவோருக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். முறை என்பது பழவேற்காட்டு மக்களுக்குப் புதிதன்று. ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்ளும் பாடு முறை தலைமுறை தலைமுறையாக இங்கே நடைபெற்று வருகிறது. நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காமல், இன்று அவருக்கு, நாளை இவருக்கு என்று சுழல்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்களும் வந்து வியந்து எழுதிய ஏற்பாடு அது. (அதில் பெண்களுக்குப் பங்கில்லை என்பதை அவர்கள் அடிக்குறிப்பில் எழுதிவிட்டுப் போனார்கள், நம் ஆண்கள் அடிக்குறிப்பாகக்கூட எழுதவில்லை.) இறாலுக்கு முறைவைக்கத் தெரிந்த ஊருக்குப் பிள்ளைக்கு முறைவைக்கத் தெரியாதா? பாட்டில் இடமில்லாத பெண்கள் இந்த முறையையாவது தங்கள் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

நல்ல பயிற்றுநருக்கு இதில் இழப்பு ஏதும் இல்லை. பிரமிடிலிருந்து ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தால், இன்று அவர் சொல்லை நம்புவதற்குச் சாட்சி இல்லை. ஊர் தன் விருப்பம்போல் கதை கட்டும். இரு தாய்மார் நேரில் பார்த்திருந்தால் அவர்களே அவருக்குச் சாட்சி. பொய்ப்பழிக்கு அஞ்சிப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி தர மறுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்களது அச்சத்துக்கும் இதுவே மருந்து.

நற்செய்தியில் லூக்கா காட்டும் ஒரு காட்சி நம் அனைவருக்கும் தெரிந்ததே. பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடிய பெற்றோர் அவரை எருசலேம் கோவிலில், போதகர்கள் நடுவில் கண்டார்கள். நாட்டின் தலைசிறந்த ஆசிரியர்கள் வீற்றிருந்த அவை அது. நாசரேத்து ஊரின் தச்சரும் அவர் மனைவியும் நேரே உள்ளே சென்றார்கள். எல்லார் முன்னிலையிலும் தாய் மகனிடம் கேள்வி கேட்டார். மகன் விடை சொன்னார். அந்த விடை பெற்றோருக்குப் புரியவில்லை என்பதையும் லூக்கா மறைக்கவில்லை. பாடம் நடக்கிறது, வெளியே நில்லுங்கள் என்று எந்தப் போதகரும் அவர்களைத் தடுத்ததாக அங்கே இல்லை.

பங்குப் பேரவைகளும் அன்பியங்களும் வருகிற கல்வியாண்டு தொடங்குமுன் இதைத் தங்கள் கூட்டத்தில் எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் பகுதிக்கென ஒரு முறைப்பட்டியலை எழுதிப் பார்த்ததில் எழுந்த சிக்கல் ஒன்றே. மாலைப் பயிற்சிக்கு முறை வரும் நாளில் மீன் விற்கப் போகாத தாய்க்கு அன்றைய வரும்படி போய்விடுகிறது. அந்த இழப்பை அவர் ஒருவரே தாங்குவது முறையாகாது. பயிற்சிக்கென்று பிள்ளைகளிடம் வாங்கும் கட்டணத்திலிருந்து அதை ஈடுசெய்யலாம் என்பது ஒரு கருத்து. அன்று கரையில் ஏலம் எடுக்கும் மற்றப் பெண்கள் அவருடைய கூடையையும் சேர்த்து விற்றுத் தரலாம் என்பது மற்றொன்று. இரண்டாவதைச் சொன்னவர்கள் மீன்விற்கும் பெண்களே. அவர்களில் இருவர் தங்கள் பெயரை முதல் வாரத்துக்கு எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பள்ளி இன்னும் விடை தரவில்லை.